‘முழுக்கப் புதுப்பித்தது’ என்றால் எதுவரை? நூறு வருஷக் கட்டடத்தில் காண்டோ வாங்குகிறவருக்கு

கேள்வி இது: நியூயார்க்கில், புரூக்ளின் பக்கம், பிராஸ்பெக்ட் பார்க்குக்கு நடந்து போகிற தூரத்தில் 1926-ல் கட்டிய ஆறு மாடிக் கட்டடம். நான்காவது மாடியில் இரண்டு படுக்கையறை காண்டோ, அதாவது அடுக்குமாடியில் நம் பேரில் தனிப் பத்திரத்தோடு வாங்குகிற வீடு. ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்று விளம்பரம். கேட்கிற விலை 9,95,000 டாலர். தெரு முழுக்க மரம்; மனைவிக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஊரிலிருந்து அம்மா வருஷத்துக்கு ஐந்து மாதம் வந்து இருப்பார். நூறு வருஷக் கட்டடத்தை நம்பிப் பணம் போடலாமா?

போடலாம். நானே போட்டவன்தான். இதே பேட்டையில் 1920களில் எழும்பிய ஒரு கட்டடத்தில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். அதில் ஏழு வருஷம் போர்டில், அதாவது வீட்டுக்காரர்களின் நிர்வாகக் குழுவில், இருந்து, பாய்லர் ரூமுக்கும் வக்கீல் ஆபீசுக்கும் அலைந்திருக்கிறேன். கட்டடத்தின் வயதைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன். அந்த ‘முழுக்க’ என்ற சொல்லைப் பார்த்துத்தான் பயப்படுவேன்.

காண்டோவில் உங்களுக்குச் சொந்தம் என்பது பெரும்பாலும் சுவரின் உள்பூச்சு வரைக்கும்தான். பூச்சுக்குப் பின்னால் ஆறு மாடியையும் கோத்துக்கொண்டு மேலும் கீழும் ஓடுகிற தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், நீராவிக் குழாய், கேஸ் பைப் எல்லாம் பொதுச் சொத்து. விற்பவர் தன் கைக்கு எட்டியதைத்தான் புதுப்பித்திருப்பார். குளியலறையில் மின்னுகிற குழாய் போன வருஷம் வாங்கியதாக இருக்கும். அதற்குத் தண்ணீர் கொண்டுவருவது 1926-ல் நிறுத்திய குழாயாக இருக்கலாம். தண்ணீருக்கும் நீராவிக்கும் சத்தத்துக்கும் எது பொது, எது சொந்தம் என்று தெரியாது. இந்த வீட்டைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் முக்கால்வாசி இந்த இடத்திலிருந்துதான் வரும்.

இங்கே ‘ப்ரீ-வார்’ என்று சொன்னால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று அர்த்தம். புரூக்ளினில் இந்தக் கட்டடங்கள் கொத்துக்கொத்தாக 1920களில் எழுந்ததற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் ஊரில் வீட்டுப் பஞ்சம். புதிதாகக் குடியிருப்பு கட்டினால் 1932 வரை சொத்துவரியில் கழிவு உண்டு என்று நகரம் சலுகை கொடுத்தது. 1920-ல் ஈஸ்டர்ன் பார்க்வேக்கு அடியில் சப்வேயும் ஓடத் தொடங்கியது. பிராஸ்பெக்ட் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட், வாக்ஸ் இருவரும் அதற்கு ஐம்பது வருஷம் முன்பே அந்தச் சாலையை வரிசை வரிசையாக மரம் வைத்து அகலமாகப் போட்டிருந்தார்கள். நிழல் முன்னால் வந்தது, ரயில் பின்னால் வந்தது, வரிச்சலுகை மூன்றாவதாக வந்தது. கட்டுகிறவர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

ஏன் ஆறு மாடி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். 1901-ல் வந்த குடியிருப்புச் சட்டம் ஒவ்வொரு அறைக்கும் வெளியைப் பார்த்த ஜன்னல் வேண்டும், நடுமுற்றம் இவ்வளவு அகலம் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இன்று அந்த வீட்டில் நீங்கள் ரசிக்கிற வெளிச்சம் பாதி அந்தச் சட்டத்தின் புண்ணியம். அதே சட்டம், ஆறு மாடிக்கு மேலே போனால் முழுக்கத் தீத்தாங்கும் கட்டுமானம் வேண்டும் என்றது. அது செலவு பிடிக்கிற வேலை. அதனால் பலரும் ஆறோடு நிறுத்திக்கொண்டார்கள்: சுவர் கனத்த செங்கல், தளம் மரச்சட்டம். பக்கத்து வீட்டுச் சண்டை உங்களுக்குக் கேட்காது. மேல்வீட்டுக் குழந்தை ஓடுவது கேட்கும். வீட்டை இரண்டாம் தடவை பார்க்கப் போகும்போது சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் போங்கள். வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு எந்த வீடும் அமைதியாகத்தான் இருக்கும். பல கட்டடங்களில் தரையின் 80 சதவீதத்தைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்று விதி உண்டு. மேல்வீட்டுக்காரர் அதை மதிக்கிறாரா என்று தரகரிடம் கேட்டால் சிரிப்பார். கேளுங்கள், பரவாயில்லை.

வீட்டுக்குள் போனதும் சுவரைத் தட்டிப் பாருங்கள். பழைய சுவர் மெல்லிய மரப்பட்டைகளின் மேல் அடுக்கடுக்காகப் பூசிய சுண்ணப் பிளாஸ்டராகவோ, செங்கல் மேலேயே பூசியதாகவோ இருக்கும். தட்டினால் கெட்டியாக ‘டொக்’ என்று அடங்கிப்போகும். ஷீட்ராக் என்கிற ஜிப்சம் பலகையாக இருந்தால் பெட்டியைத் தட்டியதுபோல் ‘டம்’ என்று ஒலிக்கும். எல்லாச் சுவரும் ‘டம்’ என்றால் பயப்பட வேண்டாம், சந்தோஷப்படுங்கள். சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வயரையும் கிளைக்குழாயையும் மாற்ற வாய்ப்பு இருந்திருக்கிறது. எல்லாம் பழைய பிளாஸ்டராகவே இருந்து, மேலே வெள்ளைப் பெயின்ட் மட்டும் புதிதாக இருந்தால் ‘முழுக்கப் புதுப்பித்தது’ என்பது சமையலறைக் கதவுகளோடு முடிந்துவிட்டது. சுவரின் மேல்பாகத்தில் ஒரு மரவிளிம்பு அறையைச் சுற்றி ஓடினால் அதைப் பிய்க்கச் சொல்லாதீர்கள். பிளாஸ்டரில் ஆணி அடித்தால் பொரிந்து கொட்டும் என்பதால் படம் மாட்டுவதற்கென்றே வைத்த விளிம்பு அது. எங்கள் வீட்டில் முருகன் படம் அதில் கம்பி கட்டித்தான் தொங்குகிறது, ஒரு ஆணிகூட அடிக்காமல்.

1960-க்கு முந்தைய கட்டடம் என்றால் அடிப்பூச்சுகளில் ஈயப் பெயின்ட் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புகளில் அதை நியூயார்க் நகரம் தடை செய்தது அந்த வருஷம்தான், நாடு முழுக்கத் தடை வந்தது 1978-ல். ஆடாமல் அசையாமல் பூச்சுக்கு அடியில் கிடந்தால் தொந்தரவு இல்லை. ஜன்னலும் கதவும் உரசுகிற இடத்தில் தூளாக உதிர்வதுதான் ஆபத்து. குழந்தை இருந்தால், அல்லது வரப்போகிறது என்றால், ஜன்னல் சட்டங்களை மட்டுமாவது சோதனை செய்துவிடுங்கள்.

இனி ரேடியேட்டர். அம்மா வந்து தங்கப் போகிறார் என்றீர்களே, அவருக்கும் இந்த வீட்டுக்கும் நடக்கப்போகிற முதல் சண்டை இதோடுதான். இந்தக் கட்டடங்களில் பலவற்றில் ஒற்றைக் குழாய் நீராவி முறை. கீழே பாய்லரில் கொதிக்கிற நீராவி எந்தக் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு ஏறி வருகிறதோ, குளிர்ந்து தண்ணீரான பிறகு அதே குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். அதற்காக ரேடியேட்டர் வால்வு இருக்கிற பக்கம் துளி சரிந்து நிற்க வேண்டும். புதுப்பிக்கிறவர்கள் தரையைப் பிரித்துப் புது மரம் போடுகிறபோது இந்தச் சரிவை யாரும் யோசிப்பதில்லை. மட்டமாக, அழகாக நிறுத்திவிடுவார்கள். தண்ணீர் அடியில் தேங்கும். ராத்திரி இரண்டு மணிக்குச் சூடான நீராவி வந்து அதில் மோதும். யாரோ சம்மட்டியால் குழாயை அடிக்கிற மாதிரி சத்தம் வரும். என் அம்மா முதல் தடவை அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து, ‘கீழ்வீட்டுக்காரன் நம்மைத்தான் திட்டறானா?’ என்று கேட்டார். கடைசியில் வைத்தியம் என்னவென்றால், வால்வுக்கு எதிர்ப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆளுக்கு இரண்டு குவாட்டர் (25 சென்ட்) நாணயம். மொத்தச் செலவு ஒரு டாலர். ஏழு வருஷமாகச் சத்தம் இல்லை.

போகும்போது ஒரு சிறு மட்டக்கோலை எடுத்துப்போய் ரேடியேட்டர் மேல் வைத்துப் பாருங்கள். வால்வைப் பாதி மூடிப் பாதி திறந்து வைக்காதீர்கள். ஒற்றைக் குழாயில் முழுக்கத் திற, இல்லை முழுக்க மூடு, நடுவில் ஒன்றும் கிடையாது. பக்கவாட்டில் விசில் போல் ‘உஸ்’ என்கிற சின்ன வெள்ளித் தொப்பி காற்றை வெளியே விடுவது. அது அடைத்துக்கொண்டால் ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடக்கும். புதிது வாங்கி மாற்றப் பத்து நிமிஷம் போதும். குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, பகலில் வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே 68 இருக்க வேண்டும், இரவில் 62 இருக்க வேண்டும் என்பது நகரச் சட்டம். நிஜத்தில் இந்தக் கட்டடங்களில் தொல்லை எதிர்த்திசையில்: ஜனவரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவீர்கள். 1918 இன்ஃப்ளூயன்ஸாவுக்குப் பிறகு, ஜன்னல் திறந்திருந்தாலும் வீடு சூடாக இருக்க வேண்டும் என்று பாய்லரையும் ரேடியேட்டரையும் வேண்டுமென்றே பெரிதாகப் போட்டார்கள் என்று பழைய நீராவிக்காரர்கள் சொல்வார்கள். நம் அம்மாக்களுக்கு அது வசதிதான்.

சட்டைப் பையில் ஒரு காந்தமும் போட்டுக்கொள்ளுங்கள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் சுவரிலிருந்து வெளியே வருகிற தண்ணீர்க் குழாயில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. அது உள்ளே துருப்பிடித்துக் குறுகிக்கொண்டே வருகிற ஜாதி. ஒட்டாவிட்டால் செம்பு, அல்லது பித்தளை. பிறகு ஷவரைத் திறந்துவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள், சமையலறைக் குழாயையும் திறங்கள். ஷவர் நூலாகிப்போனால் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துவிடும். அப்படியே மின்சாரப் பெட்டியைத் திறந்து எத்தனை பிரேக்கர், மொத்தம் எத்தனை ஆம்பியர் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். வெட் கிரைண்டர் ஓடும்போது மைக்ரோவேவ் போட்டு, பக்கத்து அறையில் ஏசியும் ஓடினால் பழைய வீட்டில் மூன்றும் ஒரே 15 ஆம்பியர் சர்க்யூட்டில் இருக்கக்கூடும். பாதி அரைத்த உளுந்தோடு இருட்டில் நிற்பீர்கள். புதுப்பித்த சமையலறை என்றால் கிரைண்டருக்கு ஒன்று, மைக்ரோவேவுக்கு ஒன்று எனத் தனித்தனிச் சர்க்யூட் இழுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது புதுப்பித்த சமையலறை இல்லை, புதிதாகப் பெயின்ட் அடித்த அலமாரி.

சமையலறை பேச்சு வந்ததால் இன்னொன்று. அடுப்புக்கு மேலே ஹூட் பளபளவென்று இருக்கும். அதற்குப் பின்னால் வெளியே போகிற குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டடங்களில் பெரும்பாலும் இருக்காது. புகையை இழுத்து ஒரு கரி ஃபில்டரில் வடிகட்டித் திரும்ப உங்கள் முகத்தில் விடுகிற வகைதான். காய்ந்த மிளகாய் தாளித்தால் படுக்கையறை வரை இருமல். சமையலறையில் ஜன்னல் இருந்தால் பிரச்னை பாதி தீர்ந்தது. நடுச்சுவரை எடுத்து ஹாலோடு சேர்த்துவிட்டிருந்தால் ஜன்னல் எந்தப் பக்கம் போனது என்று கவனியுங்கள். அந்தச் சுவரை எடுக்க நகரக் கட்டடத் துறையின் அனுமதி வாங்கினார்களா, வேலை முடிந்ததும் கணக்கை மூடினார்களா என்பதும் முக்கியம். கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைப் போட்டால் எந்த வேலைக்கு அனுமதி, எது இன்னும் திறந்து கிடக்கிறது, என்னென்ன விதிமீறல் நிலுவை என்று எல்லாம் வரும், காசு கேட்காது. மூடாத அனுமதியோடு வீடு வாங்கினால் அந்தத் தலைவலி உங்கள் பேருக்கு மாறும். குளியலறையைப் பெரிதாக்கி அது கீழ்வீட்டின் படுக்கையறைக்கு மேல் வந்துவிட்டால் அதுவும் தகராறு. ஈரமான இடம் காய்ந்த இடத்தின் மேல் வரக் கூடாது என்று பெரும்பாலான போர்டுகள் ஒத்துக்கொள்ளாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் மேல்வீட்டில் குளியலறையை அற்புதமாகப் புதுப்பித்தார்கள். இத்தாலிய ஓடு, தரைக்குள் சூடு. கிளைக்குழாயை மட்டும் பழையதோடு அப்படியே கோத்துவிட்டார்கள். எட்டாம் மாதம் என் ஹாலின் மேல்தளத்தில் ஒரு தேநீர்க் கறை வந்தது, அடுத்த வாரம் பிளாஸ்டர் ஒரு தட்டு அளவுக்கு விழுந்தது. கசிந்தது அவர் குழாயா, பொதுக் குழாயா என்று ஆறு மாதம் கடிதப் போக்குவரத்து. இணைப்பு சுவருக்குள்ளே இருந்ததால், அது எந்தப் பக்கம் சேர்த்தி என்று கட்டடத்தின் மூலப் பத்திரத்தை எடுத்து வரிவரியாகப் படிக்க வேண்டி வந்தது. முப்பது வருஷம் முன்பு யாரோ ஒரு வக்கீல் எழுதிய ஒரு ‘மற்றும்’தான் எனக்குப் பணம் வாங்கிக் கொடுத்தது.

இனி வீட்டை விட்டுவிட்டுக் கட்டடத்துக்கு வாருங்கள். முதலில் அடித்தளத்துக்கு இறங்க வேண்டும். தரகர் மொட்டை மாடியைக் காட்டுவார், அடித்தளத்தைக் காட்ட மாட்டார். கட்டடத்தைக் கவனிக்கிற சூப்பரின்டெண்டென்ட்டை இங்கே ‘சூப்பர்’ என்பார்கள். அவரிடம் மரியாதையாகப் பேசி, பாய்லர் எந்த வருஷத்தது, செங்குத்துக் குழாய்களில் எத்தனை மாற்றியாயிற்று, கடைசியாக எந்த வரிசையில் (ஒரே குழாயில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிற வீடுகள்) கசிந்தது என்று கேளுங்கள். போர்டு தலைவருக்குத் தெரியாதது சூப்பருக்குத் தெரியும். துணி துவைக்கும் மெஷின்களும் அங்கேதான் இருக்கும். வீட்டுக்குள் வாஷிங் மெஷின் வைக்க இத்தகைய பல கட்டடங்களில் அனுமதியில்லை, பழைய கழிவுக் குழாய் நுரையைத் தாங்காது என்பதால். இப்போது சைக்கிள் நிறுத்துகிற அறை ஒரு காலத்தில் நிலக்கரி கொட்டி வைத்த அறையாக இருந்திருக்கும்.

கேஸ் விஷயத்தில் கவனம் வேண்டும். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கட்டடத்தின் கேஸ் பைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்று 2016-ல் சட்டம் வந்தது. சின்னக் கசிவு தெரிந்தால்கூட அந்த வரிசை முழுவதையும் மூடிவிடுவார்கள். மூடியதைத் திறக்க அழுத்தச் சோதனையில் தேற வேண்டும்; நூறு வருஷ மரைமூட்டுகள் அதில் தேறுவது அபூர்வம். எங்கள் வரிசைக்கு ஏழு மாதம் கேஸ் இல்லை. ஒரே ஒரு இண்டக்ஷன் அடுப்பில் குக்கர், அதை இறக்கிவிட்டு இட்லிப் பானை, அதை இறக்கிவிட்டுக் காபி. கடைசிச் சோதனை எப்போது நடந்தது, அதில் என்ன வந்தது என்று எழுத்தில் கேளுங்கள்.

வெளிச்சுவருக்கு ஒரு சட்டம் உண்டு. 1979-ல் கட்டடத்திலிருந்து விழுந்த துண்டு பட்டு ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு, ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் முகப்பை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நியூயார்க் நடைபாதைகளில் நீங்கள் பார்க்கிற அந்தப் பச்சைப் பலகைக் கூரைகளில் பல இதனால் முளைத்தவை. உங்கள் கட்டடம் சரியாக ஆறு மாடி. அதனால் தப்பித்துவிட்டது. இதை நல்ல செய்தி என்று தரகர் சொல்வார். செலவு குறைவு என்பது உண்மைதான். நான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பேன்: கட்டாயம் இல்லாததால் யாரும் நாற்பது வருஷமாக ஏறியே பார்த்திருக்க மாட்டார்கள். 2024 முதல் மாடிக் கைப்பிடிச் சுவரை மட்டுமாவது வருஷாவருஷம் பார்க்க வேண்டும் என்று, உயரம் எதுவானாலும், இத்தகைய கட்டடங்களுக்கு விதி வந்திருக்கிறது. அந்த அறிக்கையைக் கேளுங்கள். பெருமழை பெய்த மறுநாள் போய் ஆறாம் மாடி வராந்தாவின் மேல்மூலையில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது 2019-ல் வந்த கரிமச் சட்டம். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்கள் வெளியேற்றுகிற கரியமில வாயுவுக்கு 2024 முதல் வரம்பு. தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். 2030-ல் வரம்பு இன்னும் இறுகும். பழைய நீராவிப் பாய்லர் வைத்திருக்கிற கட்டடங்களுக்கு அப்போதுதான் வலிக்கும். போர்டு இதற்கு ஏதாவது திட்டம் போட்டிருக்கிறதா, இல்லை ‘பார்த்துக்கலாம்’ என்று உட்கார்ந்திருக்கிறதா என்பது கூட்டக் குறிப்புகளில் தெரிந்துவிடும்.

அந்தக் குறிப்புகளை உங்கள் வக்கீல், கட்டடத்தின் நிர்வாக நிறுவன ஆபீசுக்குப் போய்ப் படிப்பது இங்கே வழக்கம். இரண்டு மூன்று வருஷக் குறிப்புகள், தணிக்கை செய்த கணக்கு, மூலப் பத்திரம், இவை மூன்றும் கட்டாயம். வீடு விற்பவர் குறைகளைச் சொல்ல வேண்டும் என்று நியூயார்க் மாநிலத்தில் சட்டம் உண்டு. ஆனால் அது தனி வீடுகள் போன்றவற்றுக்கு, காண்டோவுக்குப் பொருந்தாது. கேட்காதது உங்கள் தப்பாகிவிடும். கணக்கில் முதலில் சேமிப்பு நிதியைப் பாருங்கள். 2021-ல் ஃப்ளோரிடாவின் சர்ஃப்சைடில் காண்டோ கட்டடம் சரிந்து 98 பேர் இறந்ததற்குப் பிறகு கடன் கொடுக்கிறவர்களும் இதைத் துருவுகிறார்கள். ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 10 சதவீதம் சேமிப்புக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் பார்க்கிற அளவு. சிறப்பு வசூல் எப்போதெல்லாம் போட்டார்கள், அடுத்தது என்ன என்பதும் வேண்டும். கட்டடப் பராமரிப்புக்கு மாதாமாதம் கட்டுகிற காமன் சார்ஜ் குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். நூறு வருஷக் கட்டடத்தில் மாதாந்திரக் கட்டணம் ரொம்பக் குறைவு என்றால், பழுதைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைப்பேன்.

ஒரு விஷயத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். நியூயார்க்கில் விலைக்கு வருகிற பழைய அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலானவை கோ-ஆப். அதில் வீட்டை வாங்குவதில்லை, கம்பெனியின் பங்கை வாங்குகிறீர்கள். போர்டு உங்களை உட்காரவைத்து நேர்காணல் செய்து, காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லலாம். காண்டோவுக்கான சட்டமே இங்கே 1964-ல்தான் வந்தது. அதனால் ப்ரீ-வார் காண்டோ என்பது வாடகைக் கட்டடமாக இருந்து, பிற்பாடு மாற்றியதாகத்தான் இருக்கும். மாற்றியவர் கையில் இன்னும் எத்தனை வீடு இருக்கிறது, வாடகைக் கட்டுப்பாட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் குடித்தனக்காரர்களைக் குறையாக நினைத்துச் சொல்லவில்லை. கட்டடத்தின் கதை அவர்களுக்குத்தான் தெரியும். மாற்றியவர் கையில் வீடுகள் அதிகம் இருந்தால் ஓட்டும் அவர் கையில், செலவு வேண்டாம் என்கிற எண்ணமும் அவர் கையில்.

கோ-ஆப்பில் இல்லாத செலவு ஒன்று காண்டோவில் உண்டு: வீட்டுக் கடனுக்கான அடமானப் பத்திரப் பதிவு வரி. 5,00,000 டாலருக்கு மேற்பட்ட கடனுக்கு உங்கள் பங்கு 1.925 சதவீதம். 80 சதவீதம் கடன் வாங்கினால், 7,96,000 டாலருக்கு அதுவே சுமார் 15,300 டாலர். பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் ஈடுகட்டுகிற உரிமைக் காப்பீடு தனி. சொத்துவரியும் காமன் சார்ஜுக்கு வெளியே தனியாக வரும். சொந்தமாகக் குடியிருந்தால் 17.5-லிருந்து 28.1 சதவீதம் வரை அதில் கழிவு உண்டு. இப்போது விற்பவர் கட்டுகிற வரி கழிவோடு சேர்த்ததா, கழிவில்லாமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விலை 9,95,000 என்று வைத்திருப்பதும் சும்மா இல்லை. 10 லட்சத்தைத் தொட்டால் வாங்குபவர் மேன்ஷன் டாக்ஸ் 1 சதவீதம் கட்ட வேண்டும். போட்டியில் யாரோ ஏற்றிவிட, நீங்களும் கோபத்தில் ‘சரி, பத்து’ என்று சொன்னால் ஐயாயிரம் ஏறிய இடத்தில் பதினைந்தாயிரம் ஏறும்.

மரத்துக்கு வருகிறேன். நான்காவது மாடி என்பது இந்தத் தெருக்களில் லண்டன் பிளேன் மரத்தின் தலை உயரம். மே மாதத்திலிருந்து ஜன்னல் முழுக்கப் பச்சை; அறைக்குள் வெளிச்சம் பாதியாகும், எதிர்வீட்டுக் கண்ணும் மறையும். வசந்தத்தில் அதன் பஞ்சுத்தூள் பறந்து தொண்டையைக் கரகரக்க வைக்கும், ஆஸ்துமா இருந்தால் யோசியுங்கள். தெருவில் பெண் கிங்கோ மரம் இருந்தால் அக்டோபரில் விழுகிற பழத்தின் நாற்றத்தை மூக்கால் உணர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெருமரம் நகரத்துடையது, ஒரு கிளையைக்கூட நீங்களாக வெட்ட முடியாது. அதன் வேர் மட்டும் உங்கள் சொத்து மாதிரி நடந்துகொள்ளும். கட்டடத்திலிருந்து தெருவின் நடுச் சாக்கடை வரைக்குமான கழிவுக் குழாய் கட்டடத்தின் பொறுப்பு. பழைய மண்குழாய் என்றால் மூட்டுவழியாக வேர் நுழையும். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு முறை கழிவுநீர் எதிர்த்துப் பொங்கிய பிறகு குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்தோம். திரையில் வந்தது குழாய் மாதிரியே இல்லை. பின்னிப் போட்ட தலைமுடிக்குள்ளே டார்ச் அடித்த மாதிரி இருந்தது. பிளம்பர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘தெருவிலேயே அழகான மரம் உங்களுடையதுதான்’ என்றார்.

அம்மாவுக்காக இரண்டே விஷயம். லிஃப்ட் ஒன்றுதான் இருக்கும். அதை மாற்றுகிற வேலை எப்போது என்று குறிப்புகளில் தேடுங்கள், அந்த வேலை நடக்கிறபோது மாதக்கணக்கில் நான்காம் மாடி வரை படி ஏற வேண்டும். அவர் வருகிற ஐந்து மாதத்தில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். பூங்கா ஐந்து நிமிஷம், தாவரவியல் தோட்டத்தில் வசந்தத்தில் செர்ரிப் பூ. என் அம்மா முதல் வாரம் கோயில் தூரம் என்று குறைப்பட்டார், மூன்றாம் வாரம் பூங்கா பெஞ்சில் ஒரு ரஷ்யப் பாட்டியோடு சைகையில் பேசிக்கொண்டிருந்தார்.

இந்தச் சனிக்கிழமை போகிறீர்கள் என்றால் மட்டக்கோல், காந்தம், போனில் சார்ஜ். விலை பேசுவதற்கு முன் சூப்பரிடம் பேசுங்கள். செங்குத்துக் குழாய்கள் பற்றி அவர் சொல்கிற பதிலை அப்படியே எழுதி அனுப்புங்கள். நீங்கள் கொடுக்கிற விலையில் எவ்வளவு குறைக்கலாம் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.